2 கேன் தண்ணீரில் 16 மீன்

கேள்வி: விருகம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆறாவது படிக்கும் மகளுக்காகப் போன வருடம் கொளத்தூரில் ஒரு மீன் தொட்டி வாங்கினேன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். இப்போது அதில் 4 கோல்டு ஃபிஷ் (இரண்டு ஒரண்டா, இரண்டு சாதா), 2 ஷார்க், 1 சக்கர் (கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் மீன்), 3 ஏஞ்சல், 6 மோலி இருக்கின்றன. இரண்டு மாதத்தில் 5 மீன் செத்துவிட்டன, மகள் அழுவாள் என்று ஒவ்வொரு தடவையும் வேறு வாங்கி வந்து விட்டேன். ஞாயிறுதோறும் தண்ணீரை முழுதும் கொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவித்தான் நிரப்புகிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடுகிறது. இரவில் சத்தமாக இருக்கிறதென்று ஃபில்டரை அணைத்துவிடுவோம். காலையில் பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஷார்க் இரண்டும் லைட் போட்டதும் கண்ணாடியில் போய் முட்டுகின்றன. சக்கர் மட்டும் நன்றாக இருக்கிறது, ராத்திரியில் லட்டு (பெரிய ஒரண்டாவுக்கு மகள் வைத்த பெயர்) மேல் ஏறி விளையாடுகிறது. கடையில் நீல மருந்து கொடுத்தார்கள், அதையும் போட்டுப் பார்த்தாயிற்று. எந்த மருந்து, எந்த ஃபில்டர் என்று மட்டும் சொல்லுங்கள். மீனைக் குறைக்கச் சொல்லாதீர்கள், மகள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள்.

வணக்கம் சார்.

மீனைக் குறைக்கச் சொல்லாதீர்கள் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் சொல்லப் போகிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபப்படாமல் முழுதும் படியுங்கள். மீன்வளம் படித்துவிட்டு, பதினைந்து வருடமாகச் சென்னையில் வீடு வீடாகப் போய் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையைத் தொட்டிக்கென்று ஒதுக்குகிற அப்பா, மீன் செத்தால் அழுகிற மகள், இப்படிப்பட்ட வீடுகளில்தான் மீன்கள் பிழைக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் தொட்டி 60க்கு 30க்கு 30 சென்டிமீட்டர், விளிம்புவரை ஊற்றினால் 54 லிட்டர். விளிம்புவரை யாரும் ஊற்றுவதில்லை, அடியில் கல் வேறு இருக்கிறது, ஆக உள்ளே இருப்பது 42 லிட்டர் பக்கம். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் கேன் இரண்டு, அவ்வளவுதான். சமையலறையில் இரண்டு கேனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அதற்குள் இந்த 16 மீனும் சாப்பிட்டு, கழிந்து, மூச்சு விட்டு, தூங்குவதாக நினைத்துப் பாருங்கள். தொட்டி கண்ணாடி, விளக்கு, பின்னால் ஒட்டிய நீலப் படம் எல்லாம் சேர்ந்து பெரிய இடம் போலக் காட்டும். கேனைப் பார்த்தால்தான் அளவு புரியும்.

வாங்கும்போது எல்லாம் விரல் நீளம்தானே, அப்போது நன்றாகத்தானே இருந்தன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2 அங்குலமாக வாங்கிய கோல்டு ஃபிஷ் இப்போது 4 அங்குலம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நீளம் இரண்டு மடங்கு ஆனால் அகலமும் தடிமனும் கூடவே இரண்டு மடங்கு ஆகும், அதனால் எடை 8 மடங்கு. உங்கள் 4 கோல்டு ஃபிஷ் இன்று அன்றைய 32 கோல்டு ஃபிஷ்ஷின் எடை. அது தின்பதும் கழிவதும் இழுக்கிற மூச்சும் அதை ஒட்டியே ஏறும். நீங்கள் ஒரு மீனைக்கூடக் கூடுதலாக வாங்காமல் இருந்திருந்தாலும் இந்தத் தொட்டி தானாகவே நெரிசலாகியிருக்கும், செத்ததற்குப் பதில் வாங்கி விட்டது அதை இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக்கியது.

சரி, நெரிசலால் மீன் எப்படிச் சாகிறது? இடிபட்டு அல்ல. மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியாகவே வெளியே விடுகிறது, மூச்சு விட விட அது தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தின்னாமல் அடியில் கிடக்கிற தீனி அழுகினாலும் அமோனியாதான். ஏரியிலோ ஆற்றிலோ அது கரைந்து போய்விடும், தொட்டியில் போக வழியில்லை. அதைத் தின்று வாழ்கிற பாக்டீரியாக்கள் சில உண்டு. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும், அது அவ்வளவு கொடியதில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதைவிட ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டித்தான் அதிகம் வாழும். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

நீங்கள் 7 நாளுக்கு ஒருமுறை அவற்றைத் தேய்த்துக் கழுவி, குளோரின் கலந்த மெட்ரோ (குடிநீர் வாரிய) தண்ணீரை மேலே ஊற்றுகிறீர்கள்.

இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அழுக்காக இருந்தால் கழுவு என்றுதான் நமக்கெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள், பாத்திரத்துக்கு அது சரி. தொட்டியில் ஒவ்வொரு ஞாயிறும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. திங்கட்கிழமை அமோனியா ஏறுகிறது, அதைத் தின்ன வேண்டிய பாக்டீரியா இல்லை, அந்த வெற்றிடத்தில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் தண்ணீரிலேயே மளமளவென்று பெருகுகின்றன. செவ்வாய்க்கிழமை நீங்கள் பார்க்கிற பால் நிறம் அதுதான். அவையும் ஆக்ஸிஜனை இழுக்கும். அதோடு நம்மூர் போர் தண்ணீர் பல இடங்களில் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 8 பக்கம் இருக்கும், கடினமான, அதாவது உப்புச் சத்து அதிகமான தண்ணீர். பிஎச் 7இல் இருந்து 8க்குப் போனால், மொத்த அமோனியா அதேதான் என்றாலும் அதில் மீனைக் கொல்லக்கூடிய பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு ஆகிவிடும். ஒரு வாரம் மெட்ரோ, அடுத்த வாரம் லாரி, அது வராவிட்டால் போர் என்று நம் வீடுகளில் தண்ணீர் மாறுவதும், முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றுவதும் சேர்ந்தால் மீனின் உடம்பு எதற்கென்று தாங்கும்?

அப்புறம் அந்தக் காலை நேரக் காட்சி. அதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5தான், அதுவும் தண்ணீர் நன்றாகக் கலக்கிக்கொண்டிருந்தால். சென்னையில் வருடத்தில் பாதி நாள் வீட்டுத் தொட்டி 30ஐ ஒட்டித்தான் இருக்கும். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரில் இருப்பதோ குறைவு. இந்த நிலைமையில் ராத்திரி பத்து மணிக்கு ஃபில்டரையும் அணைத்துவிட்டால், காலை ஆறு மணிக்குள் அந்த 42 லிட்டரில் இருந்ததை 16 மீனும் இழுத்து முடித்துவிடுகின்றன. மேல்மட்டத்தில் ஒரு மெல்லிய அடுக்கில்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதற்குத்தான் எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. பசியில் வருகின்றன என்று நினைத்துப் பலர் அந்த நேரத்தில் தீனி போடுவார்கள், தயவுசெய்து போடாதீர்கள்.

அணைத்த ஃபில்டருக்குள் இருக்கிற பாக்டீரியாவும் மூச்சில்லாமல் செத்துப்போய், காலையில் போட்டதும் அந்த அழுகல் தண்ணீர்தான் முதலில் தொட்டிக்குள் கொட்டுகிறது. கரண்ட் கணக்கு பார்த்தால் 10 வாட் ஃபில்டர் இரவு பகல் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 15 யூனிட்டைத் தொடாது. சத்தத்துக்கு வழி இருக்கிறது. தண்ணீர் மட்டத்தை ஃபில்டர் வாய் வரை ஏற்றினால் கொட்டுகிற சத்தம் போய்விடும், ஏர் பம்ப்பாக இருந்தால் அடியில் ஒரு பழைய மவுஸ் பேடையோ மடித்த துணியையோ வையுங்கள்.

நீல மருந்து மெத்திலின் ப்ளூ. பூஞ்சைக்கும் சில தோல் தொற்றுக்கும் அது நல்ல மருந்துதான், ஆனால் உங்கள் மீன்களுக்கு இருப்பது தொற்று என்று நீங்கள் எழுதியதில் எதுவும் காட்டவில்லை. அமோனியாவுக்கு அது மருந்தில்லை, மிச்சம் மீதி இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் அது பாதிக்கும். இன்றோடு நிறுத்துங்கள்.

பெரிய ஃபில்டர் வாங்கினால் சரியாகிவிடாதா? பலரும் கேட்கிற கேள்வி இது. ஃபில்டர் என்பது பாக்டீரியாவுக்கு வீடு, நல்ல வீடாகக் கட்டிக் கொடுத்தால் அமோனியா குறையும், உண்மைதான். ஆனால் நைட்ரேட் சேர்ந்துகொண்டேதான் இருக்கும், நீந்த இடம் ஒரு அங்குலம்கூடக் கூடாது. இன்னொன்று, 2 அடித் தொட்டியில் பெரிய பவர் ஃபில்டர் போட்டால் தண்ணீர் ஆற்று வெள்ளம் போல ஓடும், உருண்டையான உடம்பும் நீண்ட வாலும் உள்ள ஒரண்டா அதில் எதிர்நீச்சல் போட்டே களைத்துப்போகும். கடையில் ஒரே தொட்டியில் நூறு மீன் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். கடையில் மீன் சில நாள்தான் இருக்கும், அவ்வளவாகத் தீனி போடமாட்டார்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுவார்கள், அவையெல்லாம் குஞ்சுகள். அது பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டம் மாதிரி, யாரும் அங்கேயே குடியிருப்பதில்லை. தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும் என்பதும் ஆறுதலான பேச்சு இல்லை. நெருக்கடியிலும் கழிவிலும் மீன் வளராமல் நின்றுபோகும், ஆமாம், அது உடம்பு கெட்டதால் நிற்பது. பத்துப் பதினைந்து வருடம் வாழக்கூடிய கோல்டு ஃபிஷ் ஒன்றிரண்டு வருடத்தில் செத்துவிடும், நாமும் அதன் ஆயுள் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வோம்.

இனி ஒவ்வொரு மீனாகப் பேசலாம்.

உங்கள் ஷார்க் உண்மையில் ஷார்க் இல்லை, கெளுத்தி வகை. மேகாங், சாவ் பிரயா என்ற தென்கிழக்கு ஆசியப் பெரிய ஆறுகளின் மீன். ஹோட்டல்களில் முள் இல்லாத பாசா என்று துண்டு போட்டு வருகிறதே, அதே மீன். ஆந்திராவில் குளம் வெட்டி வளர்க்கிறார்கள், ஒரு வருடத்துக்குள் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். முழுதாக வளர்ந்தால் 4 அடிக்கு மேல், உங்கள் தொட்டியே 2 அடிதான். கூட்டமாக ஓடித் திரிகிற, சட்டென்று மிரளுகிற மீன் அது. விளக்கு போட்டதும் பயந்து ஓடுகிறது, ஓடுகிற தூரத்துக்குத் தொட்டி இல்லை, கண்ணாடி வந்துவிடுகிறது. மூக்கில் தோல் உரிந்து வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இதை 2 அடித் தொட்டிக்கென்று விற்றிருக்கவே கூடாது.

சக்கர் மீனைப் பற்றி எழுதும்போதுதான் எனக்குக் கொஞ்சம் தயக்கம், ஏனென்றால் மகள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறாள். அது விளையாட்டு இல்லை சார். தொட்டியில் பாசி போதவில்லை, அதனால் அகலமான உடம்போடு மெதுவாக நீந்துகிற மீனின் மேல் ஒட்டிக்கொண்டு, தோலை மூடியிருக்கிற வழவழப்பைச் சுரண்டித் தின்கிறது. அந்த வழவழப்புதான் மீனுக்குக் கவசம். போன இடத்தில் முதலில் சிவக்கும், அப்புறம் செதில் உதிரும், அந்த வழியாகத்தான் தொற்று உள்ளே போகும். லட்டுவின் இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித்தான் சக்கரை எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். அது ஒன்றரை அடி வரை வளரும், அது போடுகிற கழிவும் ரொம்ப அதிகமாக இருக்கும்.

ஏஞ்சல் அமேசான் பக்கத்து மீன், சூடான தண்ணீர் பிடிக்கும். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் ஒன்றாவது கஷ்டப்படும். அதோடு வளர்ந்த ஏஞ்சல் துடுப்போடு சேர்த்து 20 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் போகும், கல் போக உங்கள் தொட்டியில் தண்ணீரின் உயரம் அதற்கு ரொம்ப நெருக்கத்தில் இருக்கிறது. மூன்று ஏஞ்சலில் இரண்டு ஜோடி சேர்ந்துவிட்டால் மூன்றாவதை அடித்தே கொன்றுவிடும், நான் பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு நாங்கள் சொல்கிற கணக்கு, ஒரண்டா மாதிரி குண்டு வகையில் முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர். இரண்டு ஒரண்டாவுக்கே 115 வந்துவிடுகிறது. சாதா கோல்டு ஃபிஷ் இன்னும் நீளமாக, வேகமாக வளரும், ஒரண்டா திரும்புவதற்குள் அதன் தீனியையும் தின்றுவிடும். இரண்டையும் பிரித்து வைப்பதுதான் நல்லது.

மிச்சம் 6 மோலி. இந்தத் தொட்டி அவற்றுக்குத்தான் பொருத்தம். நம்மூர்க் கடினத் தண்ணீர் சில மீனுக்குத் தொல்லை, மோலிக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் மாதாமாதம் குட்டி போட்டு, ஆறே மாதத்தில் மறுபடி எனக்குக் கடிதம் எழுத வேண்டி வரும். வயிற்றுக்கு அடியில், பின்பக்கத் துடுப்பு ஊசி மாதிரி இருந்தால் ஆண், விசிறி மாதிரி விரிந்திருந்தால் பெண். மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அவளுக்குச் சுலபமாக வரும். ஆணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக என் தீர்ப்பு இது. ஷார்க், சக்கர், ஏஞ்சல், சாதா கோல்டு ஃபிஷ் ஆகியவை வேறு வீட்டுக்குப் போக வேண்டும். லட்டுவும் இன்னொரு ஒரண்டாவும் இருக்க வேண்டுமென்றால் 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்குங்கள், தண்ணீர் 130 லிட்டர் நிற்கும். பயன்படுத்திய தொட்டி பாதி விலைக்குக் கிடைக்கும், வாங்கும் முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி மூலைகளில் கசிகிறதா என்று பாருங்கள். தண்ணீர், கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 180 கிலோவை நெருங்கும், அதனால் அறை நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக வையுங்கள், வாடகை வீடு என்பதால் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இடமோ பணமோ இல்லையென்றால் ஒரண்டாக்களும் போகட்டும், மோலிகள் மட்டும் இருக்கட்டும். நன்றாக வைத்திருக்கிற 2 அடி மோலித் தொட்டி ரொம்ப அழகாக இருக்கும்.

எங்கே கொடுப்பது? வாங்கின கடையிலேயே கேளுங்கள், கொளத்தூரில் பலர் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், காசு கேட்காதீர்கள். சாதா கோல்டு ஃபிஷ்ஷுக்கு மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ சிமெண்டுத் தொட்டி கட்டித் தாமரை வளர்க்கிறவர்கள் நல்ல இடம், நிழல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஷார்க்குக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம், வெளிப்படையாகச் சொல்கிறேன். பெரிய சிமெண்டுத் தொட்டியோ பண்ணைக் குளமோ வேண்டும், பண்ணைக்குப் போனால் ஒரு நாள் அது சாப்பாட்டுக்கும் போகலாம். அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் முடிவு, ஆனால் அதற்குப் பயந்து மூன்று வருடம் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்க விடுவது அதைவிட நல்லது என்று என்னால் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். போரூர் ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துத்தான் பலர் செய்கிறார்கள். அப்படி விட்ட சக்கர்தான் இன்று ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் நீர்நிலைகளில் பெருகி, மற்ற மீனின் முட்டையைத் தின்று, முள்ளால் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

நெரிசலின் ஆபத்து எனக்கு எங்கே உறைத்தது என்று சொல்கிறேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது என் வீட்டில் இரண்டு தொட்டி இருந்தது. 3 அடித் தொட்டியில் வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று கொடுத்த மீன்களையெல்லாம் போட்டு வைத்திருந்தேன், தினமும் தண்ணீர் மாற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் 4 அடித் தொட்டியில் ஐந்தே மீன். கரண்ட் போனது. ராத்திரி முழுக்க நானும் மனைவியும் மாற்றி மாற்றிக் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். விடிவதற்குள் 3 அடித் தொட்டியில் 11 மீன் போய்விட்டது. 4 அடித் தொட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை, மூன்று நாள் கரண்ட் இல்லாமல் அந்த ஐந்தும் தாங்கின. அதே வீடு, அதே தண்ணீர். இடம் இருந்த தொட்டிக்கு நேரம் இருந்தது. மிக்ஜாம் புயல் வந்தபோதும் பல வீடுகளில் இதையே பார்த்தேன். வருடாவருடம் டிசம்பர் வரத்தான் போகிறது, பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்ப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்கள் போக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை அவை உயிரோடு இருக்க வேண்டும். இன்றிலிருந்து இரண்டு நாள் தீனி வேண்டாம், மீன் பசியால் சாகாது. அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும். ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடட்டும், கூடவே ஒரு ஏர் பம்ப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கழுவலை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் தினமும் 10 லிட்டர் மட்டும் எடுத்துவிட்டு 10 லிட்டர் ஊற்றுங்கள். ஊற்றுகிற தண்ணீரை முதல் நாளே பக்கெட்டில் பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள், கடையில் கிடைக்கிற ஆன்டி-குளோரினையும் பாட்டிலில் போட்டிருக்கிற அளவில் சேருங்கள். ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், அதில் உப்புச் சத்து இல்லாததால் பிஎச் நிலையாக நிற்காது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த அந்த 10 லிட்டரிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்பப் போடுங்கள், குழாயடிக்குக் கொண்டு போகாதீர்கள். தண்ணீர் பால் நிறமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், தானாகத் தெளியும்.

அமோனியா, நைட்ரைட் பார்க்கிற சொட்டு மருந்து டெஸ்ட் கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். இரண்டும் பூஜ்ஜியம் காட்டவேண்டும். காட்டாத நாளில் இன்னும் 10 லிட்டர் மாற்றுங்கள். நைட்ரைட் ஏறினால் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு கரைத்து விடலாம், நைட்ரைட் இரத்தத்துக்குள் போவதை உப்பு தடுக்கும்.

மகளைப் பற்றி. டெஸ்ட் கிட்டை அவள் கையில் கொடுங்கள். ஆறாவது படிக்கிற பிள்ளைக்குச் சொட்டு எண்ணவும் நிறம் ஒப்பிடவும் நன்றாக வரும். தொட்டிக்கு வெளியே ஸ்கேல் வைத்து ஒவ்வொரு மீனையும் அளந்து, பெயரோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அதே நோட்டில் ஷார்க் 4 அடி என்று நீங்கள் எழுதி, ஹாலில் 4 அடிக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, பக்கத்திலேயே தொட்டியின் 2 அடிக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். அவளிடம் கேளுங்கள், நாம் என்ன செய்யலாம் என்று. இதுவரை அவளுக்குத் தெரியாமல் செத்த மீனை எடுத்துவிட்டுப் புதிதாக வாங்கி விட்டிருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். காரணம் தெரியாமல் மீன் செத்துக்கொண்டே இருப்பதுதான் அவர்களை உள்ளே வாட்டும். கொடுக்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பையை அவளே பிடித்துக்கொள்ளட்டும், அவளே புது இடத்தில் இறக்கிவிடட்டும். வைத்த பெயரையும் புது ஆளிடம் சொல்லிவிட்டு வரட்டும்.

வருகிற சனிக்கிழமைக்குள் சக்கர் மீனை மட்டுமாவது கொடுத்துவிடுங்கள், அது லட்டுவுக்காக. கொடுத்துவிட்டு லட்டுவின் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். சிவப்பு குறையாமல் பஞ்சு போல வெள்ளை ஏதாவது படர்ந்திருந்தால், அப்போது மருந்தைப் பற்றிப் பேசலாம்.